விண்டோஸ் 11-க்கு மாறலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அன்று முதல் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது, அது ஒரு வாரம் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைக் கேட்காமல் நான் யாருக்கும் "மாறுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்வதில்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாம் 2025 நவம்பர் நிலவரப்படி.

சார், என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 நன்றாகத்தான் ஓடுகிறது. அக்டோபர் 14 தாண்டியும் எதுவும் நிற்கவில்லை. பிறகு எதற்கு மாற வேண்டும்? (ஆசிரியை, விருதுநகர்)

நிற்காது டீச்சர். அடுத்த வருடமும் இதே போல ஓடும். ஆபத்து வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது.

2017 மே மாதம் "வானாக்ரை" என்று ஒன்று பரவியது நினைவிருக்கலாம். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன, கோப்புகளைத் திறக்கப் பணம் கேட்டார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். யாரும் தவறான லிங்க்கை அமுக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது.

இப்போது இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே நிறையப் பொதுவான நிரல் இருக்கிறது. 11-க்கு ஓர் அப்டேட் வந்தால், அது எந்த ஓட்டையை அடைக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அதே ஓட்டை 10-இல் திறந்திருக்கிறதா என்று தேடுபவர்கள் உண்டு. வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு மட்டும் 2028 அக்டோபர் வரை புதிய வைரஸ் விவரங்கள் வந்துகொண்டிருக்கும். அது உதவிதான், ஆனால் சிஸ்டத்தில் உள்ள ஓட்டையை அது அடைக்காது.

நாளைக்கே மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலும் நெட் பேங்கிங்கும் இருக்கிற லேப்டாப்பை அப்டேட் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள் என்கிறேன்.

என் சிஸ்டம் 11-க்குத் தகுதியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செட்டிங்ஸில் "தகுதி இல்லை" என்று வருகிறது, ஆனால் வாங்கி ஐந்து வருடம்தான் ஆகிறது. (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

ஐந்து வருடம் என்றால் பெரும்பாலும் தகுதி இருக்கும், தம்பி. முதலில் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். ஐ5 என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண் 8250 என்றால் 8-ஆம் தலைமுறை, 7200 என்றால் 7-ஆம் தலைமுறை. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து பெரும்பாலானவை. இதோடு 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், தொடங்கும்போதே தவறான நிரல் புகாமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதி, ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புப் பகுதியான டிபிஎம் 2.0 வேண்டும்.

இந்த டிபிஎம்மில்தான் பலர் மாட்டுகிறார்கள். அது இருக்கும், ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் "பிடிடி" என்றும், ஏஎம்டி போர்டில் "எஃப்டிபிஎம்" என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு மைக்ரோசாஃப்டின் "பிசி ஹெல்த் செக்" நிரலை ஓட்டிப் பாருங்கள். எந்தக் காரணத்தால் தகுதி இல்லை என்று தெளிவாகச் சொல்லும். ஆனால் பயாஸில் கை வைப்பதற்கு முன் கீழே ரெக்கவரி கீ பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

அண்ணா, என்னுடையது 6-ஆம் தலைமுறை ஐ5. 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். கடையில் "பைபாஸ் பண்ணி 11 ஏத்தித் தர்றேன்" என்கிறார்கள். ஏற்றலாமா? (புகைப்படக் கலைஞர், சேலம்)

பைபாஸ் என்றால் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றுவது. ஏற்ற முடியும், ஓடவும் ஓடும். ஆனால் தகுதி இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மாதாந்திர அப்டேட்கள் இப்போதைக்கு வருகின்றன. வருடம் ஒரு முறை வரும் பெரிய பதிப்பு மட்டும் தானாக வராது. ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள். ஆக, நீங்கள் மறுபடி மறுபடி அதே பைபாஸ் வேலையைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். விளையாட்டுக்கு வைத்திருக்கும் இரண்டாவது கம்ப்யூட்டர் என்றால் செய்யுங்கள். கல்யாண ஆல்பம் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில் நான் செய்ய மாட்டேன்.

உங்களுக்கு என் யோசனை வேறு. விண்டோஸ் 10-லேயே இருங்கள், "ஈ.எஸ்.யூ." என்னும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்யுங்கள். வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து செட்டிங்ஸை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணமே இல்லை. ஒன்டிரைவில் சேமிக்க விருப்பமில்லை என்றால் 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட் தரும் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000. அதற்கும் அக்கவுன்ட் வேண்டும். உங்கள் விண்டோஸ் 10, கடைசிப் பதிப்பான 22ஹெச்2-ஆக இருக்க வேண்டும். அதுவும் நிபந்தனை.

பைபாஸுக்குக் கொடுக்க நினைத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க்கைப் போடுங்கள். "சிஸ்டம் ஸ்லோ, 11 போட்டால் சரியாகுமா" என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். ஹார்ட் டிஸ்க்கில் 11 ஏற்றினால் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் ஒரு கேஸில் மாட்டிப் படங்களுக்குப் பேக்கப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை, எங்கட அச்சகத்தில பாமினி எழுத்துருவில 15 வருசக் கோப்புகள் கிடக்கு. பேஜ்மேக்கரும் இருக்கு. 11 போட்டால் இதெல்லாம் திறக்குமோ? (யாழ்ப்பாணம்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். தமிழில் தட்டச்சு செய்து பிழைக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. கோப்புக்குள் "அம்மா" என்ற சொல் உண்மையில் "எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்" என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு போய்விட்டால் வெறும் ஆங்கிலக் குப்பை. 10-இலிருந்து 11-க்கு அப்கிரேட் செய்தால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் எல்லாம் போய்விடும். எனவே முதல் வேலையாக ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். பழைய ட்ரூ டைப் எழுத்துருக்கள் 11-இலும் தடையில்லாமல் நிறுவும்.

தமிழுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் அடித்த கோப்புகளுக்கு இந்தப் பயம் இல்லை. ஒன்று மட்டும்: புதிதாக நிறுவிய விண்டோஸில் லதா எழுத்துரு தானாக இருக்காது. விண்டோஸ் 10 வந்தபோதே லதாவையும் விஜயாவையும் கூடுதல் தமிழ் எழுத்துருக்கள் என்ற தனிப் பொதியாகப் பிரித்துவிட்டார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் போய் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லதாவில் அமைத்த பக்கங்கள் வேறு எழுத்துருவில் திறந்து, வரிகள் இடம் மாறி, பக்க எண்ணிக்கையே கூடிவிடும்.

பக்கம் வடிவமைக்கும் பழைய நிரலான பேஜ்மேக்கர்தான் சிக்கல். விண்டோஸ் 11 என்றால் 64 பிட் மட்டும்தான், 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் நிரல்கள் ஓடும். 16 பிட் காலத்து நிரல்களும், அப்படிப்பட்ட இன்ஸ்டாலர்களும் ஓடவே ஓடாது. பழைய தமிழ் டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள் சிலவற்றுக்கு, கம்ப்யூட்டரின் பின்னால் சாவி போலச் செருகும் டாங்கிள் ஒன்று இருக்குமே, அதற்கு 64 பிட் டிரைவர் கிடைக்காவிட்டால் மென்பொருளும் திறக்காது. பழைய பிரிண்டர், ஸ்கேனர்களுக்கும் இதே கதைதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பேஜ்மேக்கர் ஓடும் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன். அதன் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டுப் பழைய கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வேன். மின்னஞ்சல், வாடிக்கையாளர் கோப்புகள், புதிய வேலைகள் எல்லாவற்றையும் 11 உள்ள வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவேன். திரும்பத் திரும்ப அச்சாகும் நூல்களை மட்டும் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம், யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இந்த இடத்தில்தான் மாற்றிகள் அதிகம் தவறு செய்யும்.

டேலியும் ஜிஎஸ்டியும் என் வேலை. டெண்டர் போட டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் உண்டு. எப்போது மாறலாம்? (கணக்காளர், ஈரோடு)

மாறலாமா என்பதைவிட எப்போது என்று கேட்டீர்கள் பாருங்கள், அது சரியான கேள்வி. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். 20 முடிந்த மறுநாள் அப்கிரேட் செய்யுங்கள். பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழைய 10-க்கே திரும்பிப் போகும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அதற்கு மேல் அது தானாக மறைந்துவிடும். அந்த 10 நாட்களுக்குள் டேலி, பிரிண்டர், டோக்கன், பில் அடிக்கும் சின்ன பிரிண்டர், எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம், அடுத்த 11-ஆம் தேதிக்கும் நேரம் மிச்சம். மார்ச் கடைசியில் மட்டும் தொடாதீர்கள்.

டேலி பிரைம் 11-இல் ஓடும். ஃபார்மட் செய்வதாக இருந்தால் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிடுங்கள். டோக்கனுக்குப் புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கும் தளம் ஏதாவது இருந்தால், எட்ஜ் பிரவுசரில் அந்தப் பழைய எக்ஸ்புளோரர் போலவே திறக்கும் ஐஇ மோட் உண்டு. குறைந்தது 2029 வரை அது இருக்கும்.

புது லேப்டாப் வாங்கினேன். 11-தான் போட்டிருக்கிறது. கடையிலேயே எல்லாம் செட் செய்து கொடுத்துவிட்டார்கள். நான் ஏதாவது கவனிக்க வேண்டுமா? (மகப்பேறு செவிலியர், திண்டுக்கல்)

கட்டாயம் ஒன்றைக் கவனியுங்கள், சகோதரி. இன்றைக்கே.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆய்வு மாணவி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க் நன்றாக இருந்தது, கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு நுழைந்ததுமே, டிஸ்க் முழுவதையும் தானாகப் பூட்டிவிடுகிறது. சாவி அந்த அக்கவுன்டில் இருக்கும். அவருடைய அக்கவுன்டை விற்பனைக் கடையில் ஒரு பையன் அந்த நிமிடத்தில் உருவாக்கிய ஏதோ ஒரு மெயிலில் தொடங்கியிருந்தான். அந்த மெயில் எது என்று கடையிலும் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வேட்டின் மூன்று இயல்கள் கண்ணெதிரே டிஸ்க்கில் இருந்தும் எடுக்க முடியவில்லை. வழிகாட்டியிடம் கொடுத்திருந்த அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். நான்காவது இயலுக்கு எடுத்த களக்குறிப்புகளுக்கு நகலே இல்லை. அவர் அழுதுகொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் லேப்டாப்பில் எந்த மெயில் முகவரியில் அக்கவுன்ட் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் மாற்றுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்த அக்கவுன்டில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயை எடுத்துத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். பயாஸில் எதை மாற்றினாலும் அந்தக் கீயைக் கேட்கக்கூடும். தஞ்சாவூர்த் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

அண்ணா, நான் பாரிஸில் இருக்கிறேன். இங்கே ஈ.எஸ்.யூ. இலவசம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளில் ஒன்டிரைவ் நிபந்தனை இல்லாமலே தருகிறார்கள். 60 நாளுக்கு ஒரு முறையாவது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்திருக்க வேண்டும். ஊரில் அப்பாவின் கம்ப்யூட்டருக்கு இந்தச் சலுகை பொருந்தாது, அவர் சேலத்துக்காரருக்குச் சொன்ன வழியில்தான் பதிய வேண்டும்.

பள்ளியில் கொடுத்த அரசு இலவச லேப்டாப் இருக்கிறது. ரொம்ப மெதுவாக இருக்கிறது. தங்கச்சி படிக்க வேண்டும். தூக்கிப் போட்டுவிடவா? (திருவாரூர்)

போடாதீர்கள். பிராசஸர் பழையது என்றால் 11-ஐ மறந்துவிடுங்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போடுங்கள். அந்த லேப்டாப்களில் பலவற்றில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது, பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இப்போது லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. 2 ஜிபி ரேமில் நிற்கும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

முதலில் பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, யூடியூப் பாடம் தடங்காமல் ஓடுகிறதா என்று ஒரு மாலை முழுக்கத் தங்கச்சியையே பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தால், உள்ளே இருக்கும் பழைய படங்களை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு, அடுத்த நாள் நிறுவுங்கள்.