அப்பாவின் கை நடுக்கத்துக்கு அல்ட்ராசவுண்டு சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68, ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏழெட்டு வருடமாகக் கை நடுங்குகிறது. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் சிந்திவிடுகிறது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்ற நடுக்க நோய் என்று சொல்லி, ப்ராப்ரனலால் மாத்திரை 20 மி.கி. காலையும் இரவும் கொடுத்திருக்கிறார்கள். லேசாகத்தான் குறைந்தது. மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்டு வைத்தே சரிசெய்யலாம் என்கிறார் மாமா. வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் நடுக்கத்தை எப்படி நிறுத்தும்? மூளைக்கு ஆபத்தில்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமா சொல்வது உண்மைதான். அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆனால் அது ஸ்கேன் எடுப்பது போன்ற காரியம் இல்லை.

வயிற்று ஸ்கேனில் ஒலி அலையைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறோம். அங்கே சூடு என்று சொல்லும்படி எதுவும் ஏற்படாது. சிகிச்சையில் சூடுதான் ஆயுதம். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்போமே, அதுபோல. தலையில் மாட்டும் கவசத்தில் 1,024 ஒலிமூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் அலை தனியாக மூளையைக் கடக்கும்போது ஒன்றும் செய்யாது. எல்லாம் சேரும் புள்ளியில் மட்டும் வெப்பம் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, சில மில்லிமீட்டர் அளவுள்ள திசுவைச் சுட்டுவிடும். நடுக்கத்துக்கான சமிக்ஞை கடந்துபோகும் தலாமஸ் பகுதிதான் குறி.

செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்பா பயப்படாமல் இருக்க உதவும். முதலில் தலையை முழுசாக மழிப்பார்கள். முடிக்குள் சிக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடும். வயிற்று ஸ்கேனுக்கு ஜெல் தடவுவதும் இதே காரணத்துக்குத்தான். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, தலை அசையாமல் ஒரு சட்டத்தைத் திருகால் பொருத்துவார்கள். எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும் என்பதால் தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். எம்.ஆர்.ஐ.க்குள் படுத்திருக்கும் அவர் விழித்தே இருப்பார். முதலில் குறைந்த சூட்டில் சோதித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு அட்டையைக் கொடுத்து, சுருள் கோடு வரையச் சொல்வார்கள். முதல் சுருள் ரம்பப் பல் மாதிரி இருக்கும். நல்லபடியாக நடந்தால் கடைசிச் சுருள் வழவழவென்று வரும். அதைப் பார்த்துவிட்டு அழுதவர்கள் உண்டு.

இனி ஆபத்து. அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் 76 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் கை நடுக்கம் சராசரியாகக் கிட்டத்தட்டப் பாதியளவு குறைந்திருந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்தும் சிகிச்சை பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கு மரத்துப்போன உணர்வும், 9 சதவீதம் பேருக்கு நடையில் தடுமாற்றமும் இருந்தன. கத்தி படவில்லை என்றாலும், சுட்ட இடம் சுட்டதுதான். பழையபடி ஆக்க முடியாது. மூளைக்குள் மின்முனை பொருத்தும் ‘டி.பி.எஸ்.’ அறுவைக்கு மண்டையில் துளை போட வேண்டும். ஆனால் அதில் மின்தூண்டலைப் பின்னால் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். ஒலிச் சிகிச்சை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்குத்தான். அப்பாவுக்கு எழுதும் கையை முதலில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது பக்கத்துக்கு அமெரிக்காவில் 2022இல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் ஒன்பது மாத இடைவெளி விட்டு. மண்டையோட்டின் தன்மை ஒத்துவராததால் சிலருக்குச் செய்யவே முடியாது. அதை சி.டி. ஸ்கேனில் முன்பே பார்த்துவிடலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. நாளுக்கு 40 மி.கி. ப்ராப்ரனலால் என்பது ஆரம்ப அளவு. பலருக்கு 120 மி.கி.யோ அதற்கு மேலோ போனால்தான் பலன் தெரியும். ஆஸ்துமா, குறைந்த நாடித்துடிப்பு போன்றவை இல்லையென்றால், டாக்டரிடம் கேட்டு மெல்லக் கூட்டிப் பாருங்கள். நீங்களாகக் கூட்டவோ, திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் ப்ரிமிடோன் என்ற இன்னொரு மருந்து இருக்கிறது. இந்த இரண்டையும் சரியான அளவில் பார்க்காமல் மூளையில் சுடும் சிகிச்சைக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மடியில் கையை வைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடுக்கம் அதிகமா, டம்ளரைத் தூக்கும்போது அதிகமா? சும்மா இருக்கும்போதுதான் அதிகம், நடையும் மெதுவாகிவிட்டது, எழுத்தும் பொடிப்பொடியாகச் சுருங்குகிறது என்றால் பார்க்கின்சன் நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்தே வேறு. தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும், ஆஸ்துமா இன்ஹேலராலும்கூடக் கை நடுங்கும்.

வங்கி விஷயத்தில் அப்பா கூச வேண்டாம். முதுமையாலோ நோயாலோ கையெழுத்துப் போட முடியாதவர்கள், வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் முன்னால் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அந்தச் சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரைக் கைரேகை வைக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மருந்து சரியாகும்வரை மட்டும் என்று சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கையாலும் தனித்தனியாகச் சுருள் வரையச் சொல்லி, தேதி போட்டு வையுங்கள். மாத்திரை அளவு மாறும்போதெல்லாம் இன்னொன்று. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.