95வது பெர்சன்டைலுக்கு மேல் போனால்தான் உடல் பருமன் என்றால், 19.7% குழந்தைகள் எப்படி அதற்கு மேல் இருக்க முடியும்?

கேட்டவர் சொல்வது இதுதான்: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் விளக்கப்படி பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) 95வது பெர்சன்டைலிலோ, அதாவது நூறு பேர் வரிசையில் சுமார் 95 பேர் கீழே இருக்கும் இடத்திலோ, அதற்கு மேலோ இருந்தால் உடல் பருமன். அப்படியானால் நூற்றுக்கு ஐந்து பேர்தானே வரவேண்டும், அதே மையத்தின் 2017–2020 புள்ளிவிவரம் 19.7% என்கிறதே, எது தப்பு?

இரண்டுமே சரிதான். அந்தப் பெர்சன்டைல் இன்றைய குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் போட்டது இல்லை. 1963 முதல் 1994 வரை வெவ்வேறு ஆண்டுகளில் அங்கே அளந்த குழந்தைகளை வைத்துப் போட்ட கோடு அது. அதிலும், 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கடைசிச் சுற்றில் எடுத்த எடைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள்ளாகவே எடை கூட ஆரம்பித்துவிட்டது, அதையும் சேர்த்திருந்தால் கோடே மேலே ஏறியிருக்கும். ஆக, அன்றைய குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர் தாண்டிய கோட்டை இப்போது கிட்டத்தட்ட 20 பேர் தாண்டுகிறார்கள். கோடு நகரவில்லை, பிள்ளைகள் நகர்ந்திருக்கிறார்கள். எனக்கு இது புரிந்த அன்று மனசு கனத்துப்போனது.

எனக்கு இது புரியவேண்டி வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகளின் வளர்ச்சி அட்டவணையில் பிஎம்ஐ 78வது பெர்சன்டைல் என்று எழுதியிருந்தார்கள். நூற்றுக்கு 78 என்றால் ஏதோ ஆபத்து என்று நினைத்து இரண்டு வாரம் அவள் சாப்பாட்டைக் குறைத்தேன். அவள் பசிக்கிறது என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் மருத்துவர் உட்காரவைத்து விளக்கினார்: அந்த அட்டவணைக்காக அன்று அளந்த அதே வயதுப் பெண் குழந்தைகளில் நூறு பேரை பிஎம்ஐ வரிசையில் நிறுத்தினால் இவளுக்குக் கீழே சுமார் 78 பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். அந்த அளவுகோலில் 85க்குக் கீழே இருந்தால் (5க்கும் கீழே போகாதவரை) சரியான எடைதான், 85 முதல் 95க்குள் அதிக எடை. சதவீதம் வேறு, பெர்சன்டைல் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு யாரும் குழந்தையைப் பட்டினி போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

உலக அளவில் வரும் எண்களிலும் இதே மாதிரி குழப்பம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 5 முதல் 19 வயதினரிடம் உடல் பருமன் 1990இல் 2%, 2022இல் 8%. இதை "6 சதவீதப் புள்ளி கூடியது" என்றும் எழுதலாம், "நான்கு மடங்கானது" என்றும் எழுதலாம், "300% அதிகரிப்பு" என்றும் எழுதலாம், மூன்றும் பொய்யில்லை, ஆனால் படிக்கிறவருக்கு வரும் பதற்றம் மூன்றுக்கும் வேறுவேறு. நான் எப்போதும் நூறு பிள்ளைகளாக மாற்றிப் பார்ப்பேன்: அன்று 2 பேர், இன்று 8 பேர். அதே கணக்கில் அதிக எடை 20% என்று வருகிறதே, அந்த 20க்குள் இந்த 8ம் அடக்கம். கூட்டி 28 என்று சொல்லக் கூடாது. தவிர அவர்களுடைய அளவுகோலும் வேறு, பருமனுக்கான அவர்கள் கோடு ஏறத்தாழ 97.7வது பெர்சன்டைலில் விழுகிறது, அதனால் இந்த 8ஐயும் மேலே சொன்ன 19.7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

வரைபடம் என்றால் முதலில் செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த 2017–2020 அமெரிக்கக் கணக்கில் உடல் பருமன் 2–5 வயதில் 12.7%, 6–11இல் 20.7%, 12–19இல் 22.2%. அச்சை 12இல் தொடங்கிப் பட்டை வரைந்தால் கடைசிப் பட்டை முதல் பட்டையைப் போலப் பதினான்கு மடங்குக்கு மேல் உயரமாகத் தெரியும், உண்மையில் இரண்டு மடங்குகூட இல்லை. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்துவிட்டால் இன்னும் மோசம், ஒரே குழந்தை வளர வளர இப்படி ஆகிறது என்று தோன்றும். அது ஒரே காலகட்டத்தில் அளந்த வேறுவேறு வயதுப் பிள்ளைகள்.

உங்கள் பிள்ளையைப் பற்றித்தான் கவலை என்றால் இந்த நாட்டு, உலகக் கணக்குகளை விட்டுவிட்டு அட்டவணையில் அவர்களுடைய புள்ளிகள் மட்டும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். என் மகள் மூன்று வருடமாக அதே கோட்டை ஒட்டியே போகிறாள். குறுகிய காலத்தில் கோடுகளைத் தாண்டி மேலே ஏறினால் மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை சாப்பாட்டில் கைவைக்க வேண்டாம்.