இட்லித் தட்டும் கால் மணி நேரமும்

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். நானும் மாமியாரும்தான் குழந்தையோடு. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். இவன் ஐந்து நிமிடம்கூடத் தனியாக விளையாடுவதில்லை. பாட்டுப் பாடும் பொம்மை, விளக்கு எரியும் கார், விளையாட்டுப் பாய் எல்லாம் வாங்கிவிட்டேன். நான் எழுந்தாலே அழுகை. கைபேசியில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறப்பான். அத்தை அவனோடு விளையாடவே மாட்டார், தன் பாட்டுக்கு வேலை பார்ப்பார். போன வாரம் ஒருநாள் அடுப்படியில் அத்தை வெங்காயம் உரிக்க, பக்கத்தில் உட்கார்ந்து இட்லித் தட்டைக் கால் மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்தான். கணவருக்கு அனுப்ப வீடியோ எடுக்கப் போனேன், என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டான். அவன் தனியாக இரண்டு மணி நேரமாவது விளையாட என்ன வழி?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் இட்லித் தட்டு வரும் இடத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். ஐந்து நிமிடம்கூட விளையாடுவதில்லை என்று மேலே எழுதிய அதே கைதான், கால் மணி நேரம் உருட்டினான் என்று கீழே எழுதியிருக்கிறது. இரண்டும் எப்படி அம்மா உண்மையாக இருக்க முடியும்? பிள்ளைக்கு விளையாடத் தெரிகிறது. அதைக் கலைத்தது நீங்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்தீர்களா? தட்டைக் கவிழ்த்தால் ஒரு சத்தம், நிமிர்த்தினால் வேறு சத்தம். குழியில் அவன் உள்ளங்கை கச்சிதமாக உட்காரும். எடுத்தால் கனம், விட்டால் டங் என்று விழுந்து ஆடி அடங்கும். மறுபடி எடுத்தால் மறுபடி அப்படியே. பத்து மாதப் பிள்ளைக்கு இது பெரிய வேலை. பொத்தானை அமுக்கினால் தானே பாடித் தானே ஓயும் பொம்மையில் அவனுக்கு என்ன வேலை இருக்கிறது? அதனால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் மூலையில் கிடக்கிறது. (அந்தப் பொம்மைகளின் பேட்டரி மூடியில் திருகாணி இறுகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.)

அடுத்தது உங்கள் மாமியார். ‘விளையாடவே மாட்டார், தன் பாட்டுக்கு வேலை பார்ப்பார்’ என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அன்றைக்கு அவன் விளையாடியது அவரால்தானே! பக்கத்தில் ஆள் இருக்கிறது, ஆனால் அது அவனையே பார்த்துக்கொண்டு ‘இதோ பாரு, அதோ பாரு’ என்று நச்சரிக்கவில்லை. இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் இதைத்தான் 1958-ல் எழுதினார்: நம்பிக்கையான ஒருவர் கூடவே இருக்கும்போதுதான் குழந்தை தனியாக இருக்கப் பழகுகிறது. உங்கள் அத்தை வினிகாட்டைப் படித்திருக்க மாட்டார். பிள்ளை வளர்த்திருக்கிறார். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதை என்னிடம் புகாராக எழுதலாமா?

கணவருக்கு வீடியோ அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. கடல் தாண்டிப் போய் உழைக்கிற தகப்பனுக்குப் பிள்ளையைக் காட்டுவது உங்கள் கடமை. அதற்கு அவன் குளித்து முடித்துச் சிரிக்கிற நேரம் இருக்கிறது, இரவு அழைப்பு இருக்கிறது. அவன் தட்டில் மூழ்கியிருக்கும்போது முன்னால் போய்க் கைபேசியை நீட்டினால், அவனுக்குத் தட்டு மறந்துபோகும், அம்மா ஞாபகம் வந்துவிடும். தூக்கச் சொல்லி அழுவான். வேறென்ன செய்வான்?

புடாபெஸ்ட்டில் 1946-ல் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் ஓர் இல்லம் தொடங்கினார். பெற்றோர் அருகில் இல்லாத குழந்தைகளுக்கான இடம் அது. அங்கே குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் துணி மாற்றும்போதும் வளர்ப்பவரின் கவனம் முழுக்க அந்த ஒரு குழந்தையிடம்தான் இருக்க வேண்டும். அப்புறம் தரையில் விட்டுவிடுவார்கள், சாதாரணப் பொருள்களோடு. தேவையில்லாமல் யாரும் குறுக்கிட மாட்டார்கள். உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. ஊட்டும்போது அவனைக் கைபேசியிடம் கொடுத்துவிடுகிறீர்கள், விளையாடும்போது போய் நிற்கிறீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது ஒருபுறம் இருக்கட்டும். சோறு பிசைந்து ஊட்டுகிற பத்து நிமிடம் அவன் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமா? அந்த நேரத்தில் வயிறும் மனசும் நிறைந்தால்தான் தரையில் விட்டதும் தன் வேலையைப் பார்ப்பான்.

நீங்கள் எழுந்தால் அழுகிறான் என்றால், அது இந்த வயதின் இயல்பு. எட்டு, ஒன்பது மாத வாக்கில்தான் கண்ணுக்குத் தெரியாததும் எங்கோ இருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபடத் தொடங்குகிறது. அம்மா எங்கோ போகிறாள் என்பது தெரியும், திரும்பி வருவாள் என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. ஆகவே நைசாக நழுவாதீர்கள். ‘அம்மா துணி காயப்போட்டுட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள், கொடியில் துணி போட்டபடியே குரல் கொடுங்கள், சொன்னபடி வாருங்கள். நிஜமாகவே அழுதால் தூக்குங்கள். அழவிட்டுப் பழக்குவது எனக்குப் பிடிக்காது.

இரண்டு மணி நேரம் என்று கேட்டீர்கள். நடக்காது. பத்து மாதத்தில் பத்து நிமிடம் வந்தாலே நல்லது, கால் மணி நேரம் போனால் அது அவன் உங்களுக்குக் கொடுத்த பரிசு. கணக்கு எழுத இரண்டு மணி நேரம் வேண்டுமானால் அதற்கு வேண்டியது ஓர் ஆள். அத்தையிடம் மரியாதையாகக் கேளுங்கள், அவர் உடம்புக்கு முடிகிற அளவு கேளுங்கள், பதிலுக்கு அவர் வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் மூச்சு முட்டுவதில் என்ன அர்த்தம்?

நாளைக்கு அடுப்படித் தரையைத் துடைத்து, அரிவாள்மனையை மேலே வையுங்கள். புளியங்கொட்டை, சில்லறை, நிலக்கடலை ஒன்றும் கீழே கிடக்கக் கூடாது. இட்லித் தட்டு, எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, இந்த மூன்று போதும். அத்தை வெங்காயம் உரிக்க உட்காரும்போது நீங்களும் கீரைக் கட்டோடு பக்கத்தில் உட்காருங்கள், அவரோடு பேசிக்கொண்டே ஆயுங்கள். அவன் நிமிர்ந்து பார்த்தால் ஒரு சிரிப்பு, பிறகு கீரை. கைபேசி உள்ளறையில் இருக்கட்டும். அன்றைக்கு அவன் என்னென்ன செய்தான் என்று ராத்திரி கணவருக்கு வாயாலேயே சொல்லுங்கள்.