பூச்சிமருந்துக் கடை: லைசென்ஸ், பி.சி., பில் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கொங்குப் பகுதியில் மருந்துக்கடை வைத்திருப்போரும் புதிதாக வைக்க நினைப்போரும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றை ஒட்டியே பதில்.

கோபியிலிருந்து: வணக்கமுங்க. பி.காம். முடிச்சிருக்கேன். அப்பா உரக்கடை வெச்சிருக்காருங்க. என் பேர்ல பூச்சிமருந்து லைசென்ஸ் எடுக்கலாமுங்களா?

பி.காம். பட்டம் இதற்குக் கணக்கில் வராதுங்க தம்பி. வேளாண்மைப் பட்டமோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடம் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். இல்லையென்றால் பயிர்ப் பாதுகாப்புப் பாடம் அடங்கிய ஓராண்டு டிப்ளமோ. இடுபொருள் கடைக்காரர்களுக்கென்றே ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க நிறுவனம் நடத்தும் டேசி டிப்ளமோ இருக்கிறது. 48 வாரம், வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பு, நடுவில் வயல் பயணம். கடையை மூடாமலே படித்துவிடலாம். சேரும் முன் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் தரக்கட்டுப்பாடு பிரிவைப் பார்த்துப் பேசிவிடுங்க.

பெருந்துறையிலிருந்து: லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சுங்கண்ணா. இனி எந்தக் கம்பெனி சரக்கு வேணும்னாலும் வாங்கி விக்கலாமில்லைங்க?

இல்லைங்க. பலர் மாட்டிக்கொள்வதே இந்த இடத்தில்தான். முதலில், நீங்கள் விற்கும் மருந்து ஃபரீதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழுவில் பதிவானதா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்வது கம்பெனியின் வேலை; ஆனால் லேபிளில் சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண், தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறதா என்று பெட்டியை இறக்கும்போதே பார்ப்பது உங்கள் வேலை. அடுத்தது பி.சி. என்கிற பிரின்சிபல் சர்டிபிகேட், அதாவது தன் சரக்கை விற்கலாம் என்று கம்பெனி உங்களுக்குத் தரும் சான்று. எந்தெந்தக் கம்பெனி உங்களுக்கு பி.சி. தந்து அது லைசென்ஸில் ஏறியிருக்கிறதோ, அந்தச் சரக்கைத்தான் அலமாரியில் வைக்கலாம். பக்கத்துக் கடையில் கைமாற்றாக நாலு பாட்டில் வாங்கி வைத்தாலும் பூச்சிமருந்து இன்ஸ்பெக்டர் வரும்போது அது கணக்கில்லாத சரக்குதான். பி.சி. முடியும் தேதியையும் குறித்து வையுங்க. இன்னொரு ஊரில் கிளை போட்டால் அதற்குத் தனி லைசென்ஸ்.

அந்தியூரிலிருந்து: மஞ்சள்ல கிழங்கழுகலுக்கு டிரைக்கோடெர்மா பொடியும், பேர் போடாத ஒரு மூலிகைக் கரைசலும் கொண்டு வந்து குடுக்கறாங்க. இயற்கை மருந்து, லைசென்ஸே வேண்டாங்கறாங்க. நெசமுங்களா?

நிஜமில்லைங்க. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், பிவேரியா என்ற நுண்ணுயிர் மருந்துகள், வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் எல்லாமே சட்டத்தின் பூச்சிக்கொல்லி அட்டவணைக்குள் வருபவை. விற்பனைக்கு வந்தால் பதிவு வேண்டும், லைசென்ஸும் வேண்டும். விவசாயி தன் காட்டுக்குத் தானே கரைத்து அடிப்பதை 38ஆம் பிரிவு தடுக்கவில்லை. அதையே பாட்டிலில் அடைத்து விற்கத்தான் கூடாது. கடற்பாசிச் சாறு போன்ற பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. அந்த பாட்டிலிலும் "புழுவைக் கொல்லும்" என்று எழுதியிருந்தால் வாங்காதீங்க.

அந்தப் பேர் போடாத கரைசலைத் திருப்பி அனுப்பிவிடுங்க. உள்ளே ரசாயன மருந்து கலந்திருந்தால் விவசாயி என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் அடிப்பார், மஞ்சளில் எச்சம் நிற்கும், ஏற்றுமதிக்கு வாங்குபவர் சரக்கைத் தள்ளுவார். அவருடைய ஒரு வருடப் பாடு போய்விடும்.

தாராபுரத்திலிருந்து: சாம்பிள் எடுத்துட்டுப் போனாங்க. மருந்தளவு லேபிள்ல போட்டதைவிடக் கொறைவுன்னு ரிப்போர்ட் வந்திருக்குதுங்க. என்ன பண்றதுங்க?

ரிப்போர்ட் கையில் வந்த நாளிலிருந்து 28 நாள்தான் அவகாசம். அதற்குள், இந்த முடிவை மறுத்து ஆதாரம் காட்டப்போகிறேன் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்க. தவறவிட்டால் ரிப்போர்ட்டே முடிந்த முடிவாகிவிடும். சாம்பிள் மூன்று பாகமாக எடுக்கப்பட்டு ஒன்று உங்களிடம் இருக்கும். அதன் சீலைத் தொடாதீங்க. வழக்கு நடந்தால் நீதிமன்றத்தில் இருக்கும் பாகத்தை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

உங்களைக் காப்பாற்றுவது 30ஆம் பிரிவு. லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கினேன், குறை இருப்பது எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஒழுங்காக வைத்திருந்தேன், வந்தபடியே இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அதனால் வாங்கிய பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று உடனே பாருங்க. பேட்ச் எண் இல்லாத பில் இங்கே உதவாது. சரக்கு எங்கே இருந்தது என்றும் கேட்பார்கள். சிமெண்ட் அட்டைக் கூரைக்கு நேர் கீழே சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் நல்ல மருந்தும் வீரியம் இழக்கும். உயிரி மருந்தில் நுண்ணுயிரே செத்துப்போகும்.

பல்லடத்திலிருந்து: சின்ன வெங்காயத்துக்கு 50 மில்லி மட்டும் போதும், ஊத்திக் குடுங்கன்னு கேக்கறாங்க.

கொடுக்காதீங்க. லேபிள் இல்லாத பாட்டிலில் விற்பது விதி மீறல், வீட்டில் குழந்தை எடுத்துக் குடித்தால் என்ன மருந்து என்று டாக்டருக்குச் சொல்லவும் ஆளிருக்காது. சின்ன பேக்கிங்கை ஸ்டாக் வையுங்க.

பொள்ளாச்சியிலிருந்து: பழைய ஃபோரேட் குருணை ரெண்டு பெட்டி, தேதி முடிஞ்ச மருந்து கொஞ்சம் கெடக்குதுங்க.

ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் முழுத் தடை. தென்னைக்குத்தானே என்று யாருக்கும் சும்மாகூடக் கொடுக்கக் கூடாது. தேதி முடிந்ததையெல்லாம் தனியாகப் பிரித்து "விற்பனைக்கு அல்ல" என்று முத்திரை குத்தி, தனி இடத்தில் பலகை வைத்துப் பூட்டுங்க. ஸ்டாக் ரிஜிஸ்டரில் பேட்ச் வாரியாக எழுதி, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் போடுங்க. நகலை தரக்கட்டுப்பாடு பிரிவிலும் கொடுங்க. தோப்பில் குழி தோண்டிப் புதைப்பதோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலில் கொட்டுவதோ வேண்டவே வேண்டாம், அந்தத் தண்ணியைக் கீழே மாடும் மனுசரும் குடிக்கறாங்க.