எடை கூடட்டும் என்று காத்திருக்கலாமா? குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை: கேள்வி பதில்

மகளுக்கு நான்கு மாதம். இதயத்தின் கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை. உடனே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். கொஞ்சம் எடை தேறட்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

காத்திருக்க வேண்டாம் அம்மா. அவள் தேறாததற்குக் காரணமே அந்த ஓட்டைதான். உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கிறது, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறாள். குடித்த கொஞ்சப் பாலும் மூச்சுவிடும் உழைப்புக்கே செலவானால் எடை எப்படி ஏறும்? ஓட்டையை அடைத்த பிறகு அவள் பால் குடிக்கும் வேகத்தை மாமியாரே பார்ப்பார்.

காலம் கடத்தினால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துப்போகும். அது முற்றிய நிலைக்கு ஐசன்மெங்கர் என்று பெயர். அப்புறம் ஓட்டையை மூடினால் உயிருக்கே ஆபத்து. இப்படித் தாமதித்து வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்வதைவிடக் கொடுமையான வேலை எங்களுக்கு இல்லை.

அண்ணன் பையனுக்கு ஓட்டை தானாக மூடிக்கொண்டதே டாக்டர்?

சின்ன ஓட்டைகள் பல அப்படி மூடிக்கொள்ளும், தசைப் பகுதியில் இருப்பவை குறிப்பாக. உங்கள் குழந்தையின் ஓட்டை எந்த வகை என்பதை எக்கோ என்ற இதய ஸ்கேன்தான் சொல்லும், அண்ணன் பையன் அல்ல.

எட்டு மாத மகன் அழுதால் நீலமாகிவிடுகிறான். ஃபாலோ டெட்ராலஜி என்கிறார்கள்.

பிறவியிலேயே இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாததால் நீலமாகிறான். அப்படி ஆகும்போது அவன் முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் கூடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நீலம் தெளிந்துவிட்டாலும் சரி.

இந்த நோய்க்கு வழி திறந்தது 1944 நவம்பரில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். யோசனை ஹெலன் டாசிக் உடையது. கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னால் நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ். ஆய்வகத்தில் நாய்களுக்குச் செய்து செய்து அந்த முறையைச் செம்மைப்படுத்திய கறுப்பினத்தவர். அவருடைய பங்கை உலகம் ஏற்கப் பல வருடம் ஆனது. எங்கள் துறையில் நான் மிகவும் மதிப்பவர் அவரே. அன்று செய்தது நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு மாற்றுவழி மட்டும். இன்று பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே முழுமையாகச் சரிசெய்கிறோம். உங்கள் மகனுக்கும் தேதி கேளுங்கள்.

செலவுக்கு வழியில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டோடு மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். பணம் சேரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். எப்படித் தூக்குவது?

அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. மார்பெலும்பு சேர ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும், இன்னொரு கை பிட்டத்துக்கும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். காய்ச்சல் வந்தாலோ தையலில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.