வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டரில் (சைன் அலையை உருவாக்கும் சுற்று) சைன் அலையின் தலை தட்டையாகிறது, இல்லையென்றால் அலையே வரவில்லை. ஏன்?

டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் ஐசி, இரண்டு 9 வோல்ட் பேட்டரி, 16 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இரண்டு, 103 (10 நானோஃபாரட்) கெப்பாசிட்டர் இரண்டு போட்டிருக்கிறீர்கள். ஃபீட்பேக்கில் 22 கே வைத்தால் தலை தட்டை, 18 கே வைத்தால் ஒன்றுமில்லை. ஐசி கெடவில்லை, அதை மாற்ற வேண்டாம்.

இந்த ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த வீன் பிரிட்ஜ் தன் அதிர்வெண்ணில் அவுட்புட்டின் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். அதனால் ஐசியின் கெயின், அதாவது பெருக்கம், சரியாக 3 வேண்டும். இம்மி குறைந்தால் அலை தேய்ந்து அடங்கும், இம்மி கூடினால் சப்ளையில் முட்டும்வரை வளரும். நிலையான ரெசிஸ்டரால் இதைப் பிடித்து வைக்க முடியாது. 1939-இல் பில் ஹியூலெட் (ஹெச்பி நிறுவனர்களில் ஒருவர்) இதற்குச் சின்ன பல்பு ஒன்றை வைத்தார்: இழை சூடானால் அதன் மின்தடை ஏறும், கெயின் தானே இறங்கும். உங்களுக்கு டயோடே போதும். கொஞ்சம் சிதைவு மிஞ்சும், அவ்வளவுதான்.

கிரவுண்டுக்குப் போகும் 10 கே அப்படியே இருக்கட்டும். 22 கே இருந்த இடத்தில் 15 கே, 5 கே பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), 4.7 கே மூன்றையும் சீரீஸில் போடுங்கள். 4.7 கே-க்குக் குறுக்கே மட்டும் இரண்டு 1என்4148 டயோடு, எதிரெதிர்த் திசையில். அலை சிறிதாக இருக்கும்வரை டயோடு சும்மா இருக்கும். பெரிதானதும் கடத்தத் தொடங்கி கெயினை 3-க்கு இறக்கும். பிரீசெட்டை 0-விலிருந்து மெல்லத் திருப்பி, அலை கிளம்பிய இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். ஆசைப்பட்டு முழுக்கத் திருப்பினால் 15-உம் 5-உம் சேர்ந்தே 20 கே, கெயின் 3 அதிலேயே வந்துவிடும். டயோடால் ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி தட்டைத் தலைதான்.

கணக்குப்படி பிரீசெட் 0.3 கே தாண்டியதும் அலை கிளம்ப வேண்டும். பாதி தூரம் போன பிறகே கிளம்பினால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். கெயின் 3 என்பது இரண்டு ரெசிஸ்டரும் சமம், இரண்டு கெப்பாசிட்டரும் சமம் என்றால்தான். சீரீஸில் இருப்பது 10 நானோ, பேரலலில் இருப்பது 103 என்று அச்சிட்டும் உண்மையில் 12 நானோ என்றால் கெயின் 3.2 தேவை. சாதாரண டிஸ்க் செராமிக்கில் இது சகஜம். சென்னை ரிச்சி தெருவில் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) 103 பாலியஸ்டர் என்று கேட்டு ஏழெட்டு வாங்கி, மீட்டரில் அளந்து நெருங்கிய இரண்டைப் பொறுக்குங்கள். செலவு அதிகமில்லை. 16 கே இல்லை என்றால் 1% மெட்டல் ஃபிலிமில் 15 கே-யும் 1 கே-யும் சீரீஸில். சுமார் 995 ஹெர்ட்ஸ் வரும்.

இரண்டு பேட்டரியும் சேரும் நடு இணைப்புதான் கிரவுண்டு. ஐசிக்குச் சப்ளை வரும் 8, 4 ஆகிய பின்களை ஒட்டி ஆளுக்கொரு 104 (100 நானோஃபாரட்) கெப்பாசிட்டர், கிரவுண்டுக்கு. அவுட்புட்டில் நேரடியாக ஸ்பீக்கர் வேண்டாம். ஐசிக்குள் இருக்கும் இன்னொரு ஆப்-ஆம்ப்பை பஃபராக (கெயின் 1, ஆசிலேட்டர்மேல் சுமை விழாமல் தடுக்க) போட்டு, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுங்கள்.