வீட்டில் இருக்கும் மினி பிசி சர்வரை வெளியூரில் இருந்தபடி ஆன், ஆஃப் செய்ய நாமே ஒரு கருவி செய்ய முடியுமா?

முடியும். ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), இரண்டு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பு இல்லாமல் வெளிச்சத்தால் சுவிட்ச் போடும் சின்ன சிப்), சில ரெசிஸ்டர்கள், சும்மா கிடக்கும் ஒரு போன் சார்ஜர், இவ்வளவு போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பலவும் பவர் பட்டனை அமுக்குவதோடு நின்றுவிடுகின்றன. சர்வர் இப்போது ஓடுகிறதா இல்லையா என்று கருவிக்குத் தெரிய வைப்பது வேலையின் மறு பாதி. அதைச் செய்யாமல் விட்டால், இந்தக் கருவி இல்லாமல் இருப்பதே நல்லது.

வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாக ஒரு பாக்கெட் அனுப்பி கம்ப்யூட்டரை ஆன் செய்யும் வசதி) சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை, ஸ்மார்ட் பிளக் போட யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் சந்தேகம் நியாயமானது.

என் வீடு குளச்சல் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். வீட்டுப் போட்டோக்கள், கேமரா பதிவுகள், அப்பாவின் கணக்கு வழக்கு எல்லாம் ஹாலில் இருக்கும் ஒரு சின்ன பெட்டியில் ஓடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடி கேட்டதும் அப்பா டிவி, மோடம், சர்வர் என்று எல்லாப் பிளக்கையும் உருவிவிடுவார். அது சரியான பழக்கம், நான் தடுப்பதில்லை. மழை விட்டதும் திரும்பச் சொருகியும் விடுவார். அதற்குப் பிறகு சர்வரை எழுப்புவதுதான் பிரச்சினை.

வேக் ஆன் லேன் ஏன் கைவிடுகிறது என்பதற்குக் காரணம் எளிது. அந்தப் பாக்கெட்டில் இருப்பது ஆறு முறை எஃப்எஃப் என்ற பைட், அதன் பின் பதினாறு முறை மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் ஆறு பைட் அடையாள எண்), மொத்தம் 102 பைட். அதைக் கேட்டு எழுந்துகொள்ள நெட்வொர்க் கார்டு அரை விழிப்பில் காத்திருக்க வேண்டும். மின்சாரம் முழுதாகப் போய் வந்தால், பல மினி பிசிகளில் அந்தக் காத்திருப்பு கலைந்துவிடும். ஒருமுறை ஆன் ஆகி முறையாக ஆஃப் ஆனால்தான் திரும்ப வரும். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) இஆர்பி அல்லது டீப் ஸ்லீப் என்ற மின்சேமிப்பு அமைப்பு ஆனில் இருந்தாலும் எழாது. எல்லாம் சரியாக இருந்தாலும், உறைந்து நிற்கும் சர்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அதற்கு எழுப்ப மட்டும்தான் தெரியும்.

ஸ்மார்ட் பிளக்கைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் காலடியில் இருந்து மின்சாரத்தை உருவும் வேலை அது. வீட்டு உபயோக எஸ்எஸ்டி பலவற்றில் மின்சாரம் போகும் கணத்தில் தரவைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் கிடையாது.

பட்டனுக்கு வருவோம். கம்ப்யூட்டரின் பவர் பட்டன் இரண்டு முனைகளை ஒரு கணம் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். அரை நொடி சேர்த்தால் ஆன். ஓடும்போது அரை நொடி சேர்த்தால், ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் 'முறையாக மூடு' என்று சொன்ன மாதிரி. நான்கு நொடிக்கு மேல் பிடித்தால் வலுக்கட்டாயமாக ஆஃப். எனக்கு இது நன்றாக உறைத்தது அம்மாவின் போன் பேச்சில். "மக்கா, நான் நல்லா அமுக்கிப் பிடிச்சேன், லைட்டு வந்துட்டு, பொறவு அணைஞ்சு போச்சு" என்றார். அம்மா பொறுப்பாக, உறுதியாகப் பிடித்திருந்தார். ஆன் ஆன பெட்டி அதனாலேயே திரும்ப ஆஃப் ஆகியிருந்தது. ஒரே பட்டன், அமுக்கும் நேரத்தையும் அப்போதைய நிலையையும் பொறுத்து மூன்று வேலை செய்கிறது. நிலை தெரியாமல் அதை அமுக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய மதர்போர்டாக இருந்தால் பட்டனுக்கு முன்பக்கப் பின்கள் இருக்கும். மினி பிசிகளில் பெரும்பாலும் பட்டன் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். நான்கு கால் உள்ள சின்ன பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளுக்குள் ஒன்று. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, அமுக்கும்போது மட்டும் கத்தும் இரண்டு கால்களைக் கண்டுபிடியுங்கள். அடாப்டர் சொருகி, பெட்டி ஆஃபில் இருக்கும்போது அவற்றுக்கிடையே வோல்ட் பாருங்கள். பொதுவாக 3.3 அல்லது 5 வரும். வோல்ட் இருக்கும் முனை ஆப்டோகப்ளரின் நான்காம் காலுக்கு, கிரவுண்ட் முனை மூன்றாம் காலுக்கு. மாற்றிக் கொடுத்தால் அமுங்காது. ஒயர் முடிந்தவரை மெல்லியதாக இருக்கட்டும், தடித்த ஒயர் இழுபட்டால் போர்டின் பேடையே (சால்டர் பிடிக்கும் செம்புப் பட்டையை) பெயர்த்துவிடும். வாரண்டி இருக்கும் பெட்டி என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

ஆப்டோகப்ளரின் முதல் கால் புள்ளி போட்ட மூலையில் இருக்கும். இஎஸ்பி32இன் ஒரு பின்னில் (pin) இருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக அந்தக் காலுக்கு, இரண்டாம் காலில் இருந்து இஎஸ்பியின் கிரவுண்டுக்கு. உள்ளே இருக்கும் எல்இடி சுமார் 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 2.1 வோல்ட், அதனால் ஆறு மில்லி ஆம்பியர் போல ஓடும். போதும். பிசி817 தனியாக வாங்கினாலும் சில ரூபாய்தான். செத்துப்போன செட்டாப் பாக்ஸ் அடாப்டரைப் பிரித்தால் அதற்குள்ளேயே ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

ரிலே போதாதா என்றால் போதும். எனக்கு ஆப்டோகப்ளர்தான் பிடிக்கும். தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை, உப்புக் காற்றில் கறுக்கும் காண்டாக்ட் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே போவது வெளிச்சம் மட்டும். சர்வரின் கிரவுண்டையும் இஎஸ்பியின் கிரவுண்டையும் எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள். இடிமின்னல் நேராக விழுந்தால் இது காப்பாற்றாது. ஆனால் இரண்டு வெவ்வேறு அடாப்டர்களுக்கு நடுவே கசியும் மின்சாரம் போர்டுக்குள் புகாமல் நிற்கும்.

எந்தப் பின் என்பதிலும் கவனம் வேண்டும். இஎஸ்பி32இல் 0, 2, 5, 12, 15 ஆகியவை பூட் ஆகும் விதத்தைத் தீர்மானிப்பவை. 14ஆம் பின்னும் ஆரம்பத்தில் துடிக்கும். பட்டனை இவற்றில் கட்டினால், கருவி ரீஸ்டார்ட் ஆகும்போது அது தானாகவே சர்வரின் பட்டனை அமுக்கலாம். 25, 26, 27 போன்றவற்றில் கட்டுங்கள்.

இனி, பார்க்கும் பாதி. பவர் எல்இடியில் இருந்து நிலையை எடுப்பது வழக்கம். அதோடு ஆப்டோகப்ளரை நேராக இணையாகக் கட்டினால், குறைந்த வோல்ட்டில் எரியும் ஆப்டோ எல்லா மின்சாரத்தையும் தனக்கு இழுத்துக்கொள்ளும்; முன்பக்க வெள்ளை விளக்கு எரியாது. நடுவில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னும் எளிய வழி. பழைய யுஎஸ்பி கேபிளை வெட்டி, சிவப்பு ஒயரை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டாவது ஆப்டோவின் முதல் காலுக்கும், கறுப்பை இரண்டாம் காலுக்கும் கொடுங்கள். சர்வர் ஓடினால் 5 வோல்ட் வரும், ஆஃப் ஆனால் போய்விடும். மறுபக்கம் மூன்றாம் கால் இஎஸ்பியின் கிரவுண்டுக்கு, நான்காம் கால் உள் புல்அப் (பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) போட்ட ஒரு பின்னுக்கு. இதற்கு அந்த யுஎஸ்பி போர்ட் ஆஃபில் மின்சாரம் தராததாக இருக்க வேண்டும். போன் சார்ஜ் செய்ய என்று ஒரு போர்ட்டில் எப்போதும் மின்சாரம் விடும் பெட்டிகள் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இதோடு சர்வருக்கு ஒரு பிங்கும் ('இருக்கிறாயா' என்று நெட்வொர்க்கில் கேட்கும் செய்தி) அனுப்புங்கள். மின்சாரம் இருக்கிறது, பிங் இல்லை என்றால் பூட் ஆகிக்கொண்டிருக்கிறது, அல்லது உறைந்துவிட்டது. சில நிமிடம் காத்திருந்தும் பிங் வரவில்லை என்றால்தான் நீண்ட அமுக்கு.

சரி, வெளியூரில் இருந்து கட்டளை எப்படிப் போகும்? பல இணைய இணைப்புகளில் சொந்தப் பொது ஐபி (வெளியில் இருந்து நேராக எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை, அதனால் வெளியில் இருந்து உள்ளே நுழைவது கடினம். டெலிகிராம் பாட் (செய்தியை மனிதருக்குப் பதில் நிரல் வாங்கும் கணக்கு) இந்த இடத்தில் கைகொடுக்கும், ஏனென்றால் இஎஸ்பியே வெளியே போய்ச் செய்தி இருக்கிறதா என்று கேட்கிறது. ஆனால் டெலிகிராம், வாங்கப்படாத செய்திகளை 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் நீங்கள் பொறுமை இழந்து மூன்று முறை 'அமுக்கு' என்று அனுப்பினால், கரண்ட் வந்ததும் கருவி மூன்றையும் வரிசையாகச் செய்யும். முதல் அமுக்கில் ஆன் ஆன பெட்டியின் மேல் அடுத்த அமுக்கு விழும். ஆகவே கட்டளை 'அமுக்கு' என்று இருக்கக்கூடாது, 'ஆன்' என்றும் 'ஆஃப்' என்றும் இருக்க வேண்டும். 'ஆன்' என்று வந்தால் முதலில் நிலையைப் பார், ஏற்கெனவே ஓடினால் கையை வைக்காதே. இரண்டு நிமிடத்துக்கு மேல் பழைய செய்தியைத் தூக்கிப் போடு. உங்கள் ஐடி தவிர வேறு யார் அனுப்பினாலும் பதில் சொல்லாதே. நிரலில் இந்த மூன்றும் கட்டாயம்.

நிரல் எழுதாமல் இஎஸ்பி போர்டுகளை அமைக்க உதவும் இஎஸ்பிஹோம் வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு தகவல். மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் ஏபிஐ பகுதியில், எந்த கிளையண்டும் இணையாவிட்டால் 15 நிமிடத்தில் ரீஸ்டார்ட் செய்வது இயல்பமைப்பு. அப்படி இணையும் ஹோம் அசிஸ்டண்ட் (வீட்டுக் கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) அதே சர்வரில் ஓடினால், சர்வர் செத்திருக்கும் நேரம் பார்த்துக் கருவியும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். அந்த நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள். அதே காரணத்துக்காக விபிஎன் (வெளியில் இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான பாதை), எம்கியூடிடி புரோக்கர் (கருவிகளுக்கு நடுவே செய்தி கடத்தும் மென்பொருள்) எதுவானாலும், கருவியை எட்டும் பாதையில் சர்வர் எங்கும் வரக்கூடாது. விபிஎன் வேண்டும் என்றால் ரவுட்டரில் ஓடட்டும்.

பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் தானாக ஆன்' என்று வைப்பது வழக்கமான ஆலோசனை. ஐப்பசி மழையில் கரண்ட் வந்து, போய், வந்து என்று இருக்கும் ஊரில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு வரவுக்கும் பெட்டி பாதி பூட் ஆகி விழும். நான் பயாஸில் ஆஃபிலேயே விட்டிருக்கிறேன். கருவிக்கு யுபிஎஸ் கொடுக்கவில்லை, சர்வரோடு ஒரே சுவிட்ச் போர்டில் நேராகச் சொருகியிருக்கிறேன். மின்சாரம் வந்து பத்து நிமிடம் விடாமல் நின்றால்தான், சர்வர் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அது அரை நொடி அமுக்கும். கருவி வேறு காரணத்தால் ரீஸ்டார்ட் ஆனால் இந்தக் கணக்கு தொடங்கக்கூடாது என்பதற்காக, ரீசெட் காரணம் 'பவர் ஆன்' தானா என்று நிரல் சரிபார்க்கும். இஎஸ்பி32 அதைச் சொல்லும்.

லினக்ஸில் சின்ன அமுக்குக்குச் சர்வர் முறையாக மூடுகிறதா என்று ஒருமுறை நேரில் சோதித்துவிடுங்கள். பவர் பட்டனைக் கவனிக்கும் லாகின்டி (logind) அமைப்பில் பவர் கீக்கு 'பவர்ஆஃப்' என்று இருக்க வேண்டும். டெஸ்க்டாப் போட்ட பெட்டிகளில் அது ஸ்லீப்புக்குப் போகலாம்.

கடல் பக்கம் வீடு என்றால், எல்லாம் சோதித்து முடித்த பின் போர்டில் அக்ரிலிக் கோட்டிங் ஒரு மெல்லிய பூச்சு அடித்துவிடுங்கள், யுஎஸ்பி வாயை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு. பாத்ரூமுக்கு அடிக்கும் புளிப்பு வாடை சிலிக்கான் வேண்டாம், அது காய்கையில் வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒயர் வரும் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள், எங்கள் ஊர் எறும்புக்கு மழைக்காலத்தில் சூடான போர்டு என்றால் தனிப் பிரியம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்று பாருங்கள். அலுவலகங்களில் இருந்து கழித்து விற்கும் மினி பிசி என்றால், அதில் இன்டெல் வி-ப்ரோ (vPro) என்ற அலுவலக நிர்வாக வசதி இருக்கலாம். இருந்தால் அதன் பகுதியான ஏஎம்டி (AMT) வழியாக ஆன், ஆஃப், ரீசெட் மூன்றும் லேன் கேபிள் நெட்வொர்க்கிலேயே கிடைக்கும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பயாஸ் திரையே தெரிய வேண்டும் என்றால் திரையையும் கீபோர்டையும் நெட்வொர்க் வழியாகத் தரும் பைகேவிஎம், நானோகேவிஎம் போன்ற கருவிகள் உண்டு, செலவு கூடும். இரண்டும் பொருந்தாவிட்டால் மேலே சொன்னபடி செய்யுங்கள். உங்கள் பெட்டியின் மாடலைக் கமெண்டில் போட்டால், பட்டனின் முனைகளை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.